நீலத்தைக் குடிக்காத முட்டைகள்

போன மாதம் விருதுநகரில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்குப் பூ வைக்கப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் அத்தையும் எழுந்தாள். எழுபது வயது. முட்டி வலியோடு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உடனே நம் வயதுக்காரி ஒருத்தி ஓடிவந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீங்க இருங்கத்தே, எதுக்கு அலைச்சல்" என்றாள். மேடை பத்தடி தூரம்கூட இல்லை.

பிள்ளை பெறாதவள் பூ வைக்கக் கூடாது. அதுதான் விஷயம். அத்தைக்கும் புரிந்தது. உட்கார்ந்துகொண்டாள். நான் அங்கேயே அந்த ஓடிவந்தவளைக் கிழித்திருக்க வேண்டும். செய்யவில்லை. எனக்குக் கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுசாக வரும். அதனால் எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் அம்மாக்கள் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லித் தப்பித்தோம். நமக்கு என்ன கேடு? நாம் பள்ளிக்கூடத்தில் பூவை அறுத்து மகரந்தம் எது, சூல் எது என்று படம் வரைந்தவர்கள்தானே.

அத்தை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த காலத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது. சிவகாசியில் அச்சகங்கள் நெருங்கிக் கிடந்த தெருவில் இருந்தோம். பகல் முழுவதும் மெஷின் சத்தத்தில் சுவர் அதிரும். அலமாரியில் தம்ளர்கள் தானாக நகர்ந்து ஒன்றோடொன்று இடிக்கும். அப்பா அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டினார். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள்களை வெட்டுவது வேலை. சித்தப்பா ஒரு பட்டாசு கம்பெனியில் குழாய் உருட்டும் பகுதிக்கு மேஸ்திரி. முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. எங்களோடுதான் இருந்தார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கச்சி, என் அத்தை. மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்த்தாள். இரத்தம், சளி, மூத்திரம் எல்லாவற்றையும் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற வேலை. அவள் விரல் நகங்களைச் சுற்றி எப்போதும் நீலக்கறை இருக்கும்.

அத்தையைக் கட்டிக் கொடுத்தது விருதுநகரில். மாமா பள்ளிக்கூட வாத்தியார். ஐந்து வருஷம் பிள்ளை இல்லை. ஆறாவது வருஷம் ஒரு டிரங்குப் பெட்டியோடு அத்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்கள். கொஞ்ச நாள் ஒன்றரை வருஷமாகியிருந்தது.

ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரம்மா அத்தையை எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, உனக்கு ஒரு குறையும் இல்லை, அவரை வரச் சொல் என்றாராம். அத்தை மாமாவுக்குக் கடிதம் எழுதினாள். பதில் மாமா எழுதவில்லை. அவருடைய அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். ஆம்பளைப் பிள்ளையை லேப்பில் கொண்டுபோய் நிறுத்துகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை என்று. அப்பா அதைக் கேட்டுத் தலையாட்டினார். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த டாக்டரம்மா மாற்றலாகி ஊருக்குப் போகும்போது தன் அறையில் இருந்த மீன்தொட்டியை அத்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். காற்று ஊதுகிற சின்ன மோட்டார், ரப்பர் குழாய், தொட்டிக்குள் மூன்று கெளுத்தி. நம் கண்மாய்க் கெளுத்தி இல்லை. கட்டைவிரல் நீளம்தான். பித்தளைப் பாத்திரம் போல ஒரு மினுக்கம். சின்ன மீசையை மணலில் குத்திக் குத்தி அடியிலேயே மேயும். நடுநடுவே விர்ரென்று மேலே போய் ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் தொட்டிக் கண்ணாடியில் முட்டைகள். ஜவ்வரிசி மாதிரி, ஒட்டியபடி, வரிசையும் இல்லாமல் கும்பலும் இல்லாமல். தெருவில் இருந்த பிள்ளைகளை எல்லாம் கூட்டிவந்து காட்டினேன். இரண்டாம் நாள் அவை வெளுத்தன. மூன்றாம் நாள் ஒவ்வொன்றின் மேலும் பஞ்சு முளைத்தது. பஞ்சு அடுத்த முட்டைக்குத் தாவியது. மொத்தமும் அழுகிப் போனது. இரண்டு மாதம் கழித்து மறுபடி போட்டது. மறுபடி பஞ்சு.

இரண்டாம் தடவை அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அத்தை முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

"மீனு என்ன செய்யும் பாவம். தண்ணி மாத்துற கை அப்படி."

அத்தை திரும்பவில்லை. கொடியில் போட்ட சேலையின் மடிப்பைத் திரும்பத் திரும்ப நீவிவிட்டாள். என் அம்மா கெட்டவள் இல்லை. இதை எழுதும்போது அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்குச் சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் அத்தை அழுகாத முட்டை ஒன்றைக் குப்பியில் எடுத்துக்கொண்டு லேப்புக்குப் போனாள். சாயங்காலம் வந்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"பூஞ்சணம் கொல்லலட்டி. முட்டைக்குள்ள மொதல்லயே ஒண்ணும் இல்ல. வெறும் மஞ்சக் கரு. உயிர் இல்லாததப் பாத்துத்தான் பூஞ்சணம் வருது."

பிறகு லேப்புக்குக் கண்ணாடிச் சாமான் வாங்க மதுரைக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனாள். வேலை முடிந்ததும் வண்ணமீன் கடை ஒன்றைத் தேடிப் போனோம். மூன்று மீனையும் பெரிய பாட்டிலில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள். பக்கத்துச் சீட்டுக்காரர், இதை எங்கே குழம்பு வைக்க, ஆளுக்கு ஒரு மீசைதான் வரும் என்று கேலி செய்துகொண்டே வந்தார். கடைக்காரர் பாட்டிலை வாங்கி மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"மூணும் பொட்டை. வயிறு எப்படி அகலமா இருக்கு பாருங்க. ஆணே இல்லாம முட்டை எப்படிம்மா பொரிக்கும்?"

அத்தை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். கடைக்குள் சிரித்தாள், வெளியே வந்து சிரித்தாள், பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்தேன். கையில் புதிதாக வாங்கிய இரண்டு ஆண் மீன்களின் பை. பெட்டையைவிட ஒல்லி, சின்னது. மழை பெய்து தண்ணீர் குளிர்ந்தால் முட்டை போடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மழை. சிவகாசிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது, கிறிஸ்துமஸ்தான். ஆனால் தெருவுக்கே சோறு போட்டது தீபாவளி. உருட்டிய குழாய் காய வேண்டும், மருந்து காய வேண்டும், திரி காய வேண்டும். மழை விழுந்தால் சீசன் போச்சு. அதனால் தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதமும் எங்கள் வீட்டு ராத்திரி ஜெபத்தில் 'ஆண்டவரே, மழையை நிறுத்தி வையும்' என்று அப்பா சொல்வார். எல்லாரும் ஆமென் சொல்வோம். அந்த வருஷம் அத்தை மட்டும் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது விருதுநகரிலிருந்து தகவல் வந்தது. சனிக்கிழமை வருகிறோம். ஒரு காகிதம் எழுதி எடுத்து வருகிறோம். எனக்குப் பிள்ளை பெறும் தகுதி இல்லை, நானாகவே விலகிக்கொள்கிறேன் என்று அத்தை அதில் கையெழுத்துப் போட வேண்டும். அது இருந்தால்தான் அவர்கள் மாமாவுக்கு வேறு இடம் பார்க்க முடியும். மாட்டேன் என்றால் ஊர் முழுக்க நாற அடிப்போம் என்பதையும் நல்ல வார்த்தையில் சொல்லியிருந்தார்கள். சித்தப்பாவுக்கு அப்போது ஆலங்குளம் பக்கம் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா அத்தையிடம், போட்டுவிடு பாப்பா, நிம்மதி என்றார். அத்தை சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

திங்கள் இரவு மழை பிடித்தது. செவ்வாய் விடிந்தபோது தெருவில் ஓடிய தண்ணீரில் லேபிள் தாள்களின் சிவப்பும் மஞ்சளும் கரைந்து போய்க்கொண்டிருந்தது. அப்பா வாசலில் தலையில் கை வைத்து நின்றார். உள்ளே அத்தை தொட்டிமுன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டை மீன் வயிற்றடித் துடுப்பை இரண்டு கைபோலக் கூப்பி, அதில் முட்டையை ஏந்திக்கொண்டு, கண்ணாடியில் ஏறி ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆண் இரண்டும் கூடவே.

அத்தை ஈர விரலால் முட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டி எடுத்தாள். தொட்டியிலேயே விட்டால் தாயே தின்றுவிடுமாம். அகல வாய் ஊறுகாய் ஜாடியில் தொட்டித் தண்ணீரை ஊற்றி அதில் போட்டாள். அறுபத்தி நான்கு. நான்தான் எண்ணினேன். லேப்பிலிருந்து நீல மருந்து கொண்டுவந்து சொட்டு விட்டாள். மெத்திலீன் புளூ. தண்ணீர் லேசான நீலமானது.

"செத்த முட்டை இந்த நீலத்தக் குடிச்சுரும், மை மாதிரி ஆயிரும். உயிர் இருக்கிறது குடிக்காது. நீலமா ஆனத உடனே எடுத்துப் போட்ரணும். ஒண்ண விட்டா பக்கத்துல இருக்கிற நல்லதயும் பிடிச்சுக்கும்."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "சனிக்கிழமைக்குள்ள இது பொரிக்கணும். பொரிச்சுட்டா எனக்கு வாய் வந்துரும்."

பன்னிரண்டு வயதில் அது எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. ஆனால் சனிக்கிழமை என்பது புரிந்தது.

மழையால் பள்ளிக்கூடம் லீவு. மழையால் கரண்டும் இல்லை. காற்று மோட்டார் நின்றுவிடும். ஜாடித் தண்ணீர் அசையாமல் நின்றால் பூஞ்சணம் பிடித்துவிடும். அத்தை ஆஸ்பத்திரியில் ஒதுக்கிப்போட்ட பி.பி. பார்க்கிற கருவியின் ரப்பர் உருண்டையைக் கொண்டுவந்து குழாயில் மாட்டிக் கொடுத்தாள். அதை அமுக்கினால் ஜாடியில் குமிழி வரும். காலை அவள் வேலைக்குப் போனதிலிருந்து திரும்பி வரும்வரை அமுக்க வேண்டியது நான். ஐந்து எண்ணி ஓர் அமுக்கு. அந்த உருண்டை கறுப்பு நிறம், பழைய ரப்பர் நாற்றம், மேலே பிசுபிசுப்பு. முதல் நாளே உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. மறுகைக்கு மாற்றினேன். அதிலும் வந்தது.

புதன்கிழமை பத்தொன்பது முட்டை நீலமானது. இறகுக் குச்சியால் தள்ளி எடுத்தோம். நாற்பத்தைந்து மிச்சம். வியாழன் காலை இன்னும் ஆறு. அத்தை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மிச்சம் இருந்தவை தேன் நிறத்துக்கு மாறியிருந்தன.

வியாழக்கிழமைதான் சித்தப்பா வந்தார். வந்தார் என்ன, வீட்டிலேயேதான் இருந்தார். மழையில் கம்பெனி மூடிக் கிடந்தது. வேலை இல்லாத மனுஷன் காலையிலிருந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். மோட்டாரைக் கழற்றி மாட்டினார். என் கையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவர் அமுக்கினார். பிறகு மழையில் நனைந்து எங்கேயோ போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் நீலக் கல். மயில்துத்தம்.

பட்டாசுக் குழாய் உருட்ட மைதாப் பசை காய்ச்சுவார்கள். பசை இரண்டே நாளில் பூஞ்சணம் பூத்துவிடும். ஒரு சிட்டிகை துத்தம் போட்டால் வாரக்கணக்கில் பூக்காது, பூச்சியும் அண்டாது. எங்கள் ஊரில் பசை காய்ச்சுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சித்தப்பா பதினைந்து வருஷமாகப் பசைச் சட்டியோடு கிடந்தவர். பூஞ்சணம் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குத் துத்தம்தான் ஞாபகம் வந்தது. தங்கச்சிக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்தார். அதில் சந்தேகமே இல்லை.

அவர் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல ஏற்கனவே போட்டுருக்காளே. நீலமாத்தான் இருக்கு. தொட்டிக்குத்தான் போடாம விட்டுட்டா."

எனக்குப் பன்னிரண்டு வயது. நீலம் என்றால் மருந்து என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமா சித்தப்பா என்று தலையாட்டினேன். தொட்டி மூடியைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். அவர் துத்தத்தைத் தம்ளரில் கரைத்து ஊற்றினார். நல்ல நிறம். மயில் கழுத்து மாதிரி சுருள் சுருளாக இறங்கியது.

அரைமணி நேரத்தில் மீன்கள் மேலே மேலே ஓடின. காற்றைக் குடித்தன, இறங்கின, மறுபடி ஓடின. பிறகு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். செருப்பு போட மறந்து ஓடினேன். அத்தை கையில் இருந்த சில்லைக் கீழே வைத்துவிட்டு என்னோடு மழையில் நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் கெட்டது நடந்துவிட்டது என்று ஆகிவிடும் போல வேகமாக நடந்தாள்.

வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினோம். சாயங்காலத்துக்குள் ஐந்தும் செத்தன. அத்தை அவற்றை உள்ளங்கையில் எடுத்து வரிசையாகத் தட்டில் வைத்தாள். சித்தப்பா கதவோரம் நின்றார். அடிபடத் தயாராக நிற்கிற சின்னப் பையன் மாதிரி நின்றார்.

"பசைக்குப் போட்டா..." என்று ஆரம்பித்தார்.

"பசைக்கு உயிர் இல்ல சின்னண்ணே. அதுல எது விழுந்து செத்தாலும் நமக்கு நல்லது. இது அப்படியா?"

அவ்வளவுதான் சொன்னாள். சித்தப்பா குடையும் எடுக்காமல் வெளியே போய்விட்டார். ஜாடி ஏற்கனவே நீலமாக இருந்ததால்தான் அது தப்பியது. இல்லாவிட்டால் அதிலும் ஊற்றியிருப்பார். இப்போது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. முப்பத்தொன்பது முட்டை மட்டும் மிச்சம். இனிமேல் போட மீன் கிடையாது.

அன்று ராத்திரி ஜெபத்தில் அப்பா மழை வரியைச் சொன்னபோது யாருமே ஆமென் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கரண்டு வந்த நேரம் பார்த்து அத்தை என்னை லேப்புக்குக் கூட்டிப்போனாள். ஒரு முட்டையை மட்டும் கண்ணாடிக் கிண்ணத்தில் கொண்டுபோனோம். முக்காலியில் ஏறி நின்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. அத்தை திருகைத் திருப்பினாள். திடீரென்று தேன் நிறத்தில் ஓர் உலகம். அதற்குள் சுருண்டு படுத்த ஒரு வால். இரண்டு கறுப்புப் புள்ளி, கண்கள். கண்ணுக்குக் கீழே ஏதோ ஒன்று துடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தவே இல்லை.

"அத்தே, அடிக்குது."

"ம்" என்றாள். என் முதுகில் கை வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். மாமா, மாமாவின் அம்மா, அவருடைய பெரியப்பா என்று ஒரு கிழவர். மழை விட்டிருந்தது. கரண்டு இல்லை. அம்மா காபி கலந்தாள். நான் அடுப்படியில் ஜாடி முன்னால் உட்கார்ந்து உருண்டையை அமுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு உள்ளங்கையும் வீங்கிக் கொப்புளம் உடைந்து எரிந்தது. துணி சுற்றிக்கொண்டு அமுக்கினேன். ஒரு கட்டத்தில் விரல் மடங்கவே இல்லை. அழுதேன். அம்மா காபித் தட்டோடு என்னைத் தாண்டிப் போனவள் நின்றாள். தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உருண்டையை என் கையிலிருந்து பிடுங்கினாள். அமுக்க ஆரம்பித்தாள். தண்ணி மாத்துற கை அப்படி என்று சொன்ன அதே அம்மாதான்.

முன்னறையில் கிழவர் காகிதத்தை வாசித்தார். ஒவ்வொரு சொல்லும் எங்களுக்குக் கேட்டது. அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அத்தையிடம் நீட்டினார். அத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். மூடியைத் திறக்கவில்லை. அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. முட்டைகள் அப்படியே கிடந்தன.

மாமாவின் அம்மா பேசினாள். நாங்க என்ன உன்னைக் குறை சொல்லவா வந்திருக்கோம், கர்த்தர் உனக்கு அப்படி வச்சுட்டார், ஒரு ஆம்பளைய எதுக்குக் கட்டிப் போடணும் என்றாள். குரல் தேன். அப்பா, போடு பாப்பா என்றார். மாமா காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஜாடியில் ஒரு முட்டை அசைந்தது. குமிழியில் அசைகிறது என்று நினைத்தேன். அம்மா அமுக்குவதை நிறுத்தினாள். மறுபடி அசைந்தது. தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு வால் வெளியே வந்தது. வால் அடித்தது, அடித்தது, முட்டைத் தோலை இழுத்துக்கொண்டே ஜாடியைச் சுற்றியது. தோல் கழன்று விழுந்தது. மயிரிழை அளவு ஓர் உயிர் அடியில் போய்ப் படுத்தது. அதற்குள் இன்னொன்று.

அம்மா என்னைப் பார்த்தாள். "போய்ச் சொல்லு."

நான் முன்னறை நிலைப்படியில் போய் நின்றேன். வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அத்தை பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு எங்க லேப்புக்கு வரச் சொல்லுங்க அவுகள. நான் இருக்க மாட்டேன், வேற ஆளு பாப்பாக. எனக்குப் பாத்தாச்சு, குறை இல்லன்னு எழுதிக் குடுத்தாச்சு. அவுகளுக்கும் குறை இல்லன்னு வந்துச்சுன்னா அன்னைக்கே இதுல கையெழுத்துப் போடுறேன்."

மாமாவின் அம்மா எழுந்தாள். அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "உங்க வீட்டுப் பொம்பள பேசுற பேச்சக் கேட்டீகளா? பொட்டச்சி ஆம்பளைக்கு டெஸ்ட் வைக்கிறா."

"மீனுக்கே ஆணு வேணும்னு இருக்கு" என்றாள் அத்தை. சத்தமே இல்லாமல்தான் சொன்னாள்.

மாமா எழுந்து போய்விட்டார். யாருக்கும் சொல்லாமல், செருப்பைச் சரியாகக்கூடப் போடாமல் படியிறங்கினார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். திங்கட்கிழமை அவர் வரவில்லை. எந்தத் திங்கட்கிழமையும் வரவில்லை.

அன்று இரவுக்குள் இருபத்திரண்டு பொரித்தது. மிச்சம் நீலத்தைக் குடித்துவிட்டது. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து ஊட்டினோம். பதினாலு பிழைத்துப் பெரிதாகின. அத்தை அவற்றைத் தொட்டியோடு ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் காத்திருக்கிற இடத்துக்குக் கொடுத்துவிட்டாள். அந்த ரப்பர் உருண்டை மட்டும் எங்கே போனது என்று தெரியவில்லை. வீடு மாறியபோது தொலைந்திருக்கும்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. நான் இவ்வளவு கோபத்தோடு எழுதவும் மாட்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா ஒரு ஒட்டிய கவரைக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற நூல் கடையில் கொடுத்துவிட்டு வா என்றார். அது மாமாவின் சொந்தக்காரர் கடை என்று எனக்குத் தெரியும். ஆனால் கவரில் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. கட்டுப் போட்ட கையில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கடைக்காரர் மிட்டாய் கொடுத்தார். தின்றுகொண்டே வந்தேன்.

அடுத்த வருஷம் மாமாவுக்கு வேறு ஊரில் கல்யாணம் நடந்தது. எப்படி நடந்தது என்று அத்தை கேட்கவில்லை, அல்லது கேட்டது எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கு ஆலங்குளத்துப் பெண்ணையே முடித்தார்கள். மாமாவுக்கு அங்கேயும் பிள்ளை இல்லை. அதற்கும் அந்தப் பெண்ணைத்தான் சொன்னார்களாம். அத்தை ரிட்டயர் ஆகும்வரை அதே லேப்பில் இருந்தாள்.

அப்பா செத்த பிறகு அவருடைய பெட்டியைச் சுத்தம் செய்தேன். லேபிள் தாள்களுக்கு அடியில் ஒரு கார்பன் நகல். அப்பாவின் கையெழுத்து. 'என் தங்கைக்குப் பிள்ளை பெறும் தகுதி இல்லை. அவள் சம்மதத்தின்பேரில் மூத்த சகோதரனாகிய நான் எழுதிக் கொடுக்கிறேன்.' அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி. அவள் சம்மதமாம். பக்கத்து அறையில்தான் இருந்தாள், குஞ்சுகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டு. அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா என்று அம்மாவைக் கேட்கவில்லை. பயம்தான்.

பல வருஷம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். போன மாதம் கல்யாண வீட்டிலிருந்து அத்தையைக் காரில் கூட்டிவரும்போது, தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா எழுதியதை, நான் கொண்டுபோய்க் கொடுத்ததை. வண்டி சூலக்கரை தாண்டி நின்றுகொண்டிருந்தது, முன்னால் ஏதோ லாரி மறித்திருந்தது. அத்தை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ட்டி" என்றாள். "அந்தக் கடைக்காரர் பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப சொல்லிட்டா. கையில கட்டுப் போட்ட பிள்ளை கொண்டாந்து குடுத்துச்சுன்னு."

"அப்பாமேல கோவம் வரலையாத்தே?"

அத்தை என் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்து விரித்தாள். கொப்புளம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேடினாள். அங்கே இப்போது ஒன்றும் இல்லை.

"அவன் எழுதுனதுகூட எனக்குப் பொறுத்துச்சு" என்றாள். "இந்தக் கையில குடுத்து விட்டான் பாரு. அதான் இன்னும் பொறுக்கல."